மீண்டும் எழுதும் தேர்வு

(நமது மஹல்லாவின் மாணவர் – பெற்றோர் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. கருணை நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



பொதுத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற பிள்ளைகளை மேடைக்கு அழைத்துப் பரிசளிப்பது நல்ல மரபு. அது தொடர வேண்டும். ஆனால், தேர்வில் தவறிய பிள்ளையைப் பற்றி நாம் மேடையில் பேசுவதில்லை. வீட்டிலும் பேசுவதில்லை. தெருவில் மட்டும் பேசுகிறோம். அதனால்தான் இன்றைய உரைக்கு இத்தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

வண்ணாரப்பேட்டை, இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஆகிய நம் பகுதிகளிலிருந்து ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளுக்குச் சென்று மருத்துவம் பயின்று திரும்பிய பிள்ளைகள் இருக்கின்றார்கள். உக்ரைனில் படித்துக்கொண்டிருந்து, 2022 ஆம் ஆண்டு போர் மூண்டபோது கையில் ஒரு பையுடன் ஊர் வந்து சேர்ந்தவர்களும் உண்டு. இவர்கள் கையில் பட்டம் இருக்கிறது. ஆனால் நோயாளியைத் தொட்டு மருத்துவம் செய்யும் உரிமம் இல்லை. அந்த உரிமத்திற்கு முன் ஒரு தேர்வு நிற்கிறது. வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகள் தேர்வு, அதாவது எஃப்.எம்.ஜி.இ. என்பது அதன் பெயர். நம் பெற்றோர்களில் பலர் பழைய வழக்கப்படி இன்றும் 'எம்.சி.ஐ. தேர்வு' என்பார்கள். அந்த எம்.சி.ஐ. எனும் இந்திய மருத்துவக் குழுமம் 2020 செப்டம்பரில் விலகி, தேசிய மருத்துவ ஆணையம் அதன் இடத்திற்கு வந்துவிட்டது. தேர்வோ 2002 முதல் நடந்து வருகிறது.

ஆண்டுக்கு இருமுறை நடைபெறும் இத்தேர்வில் தவறியோர் எத்தனை பேர்? 2023 ஜூன் மாதத் தேர்வில், எழுதியோரில் பத்தில் ஒருவர் என்ற அளவில்தான் தேர்ச்சி பெற்றனர். அதே ஆண்டு டிசம்பர் தேர்வில் அது ஐந்தில் ஒருவர் என்ற அளவை எட்டியது. ஆக, தேர்வு முடிவு வரும் நாளில் வெறுங்கையுடன் திரும்புவோரே பெருங்கூட்டம். நம் தெருவில் ஒரு பிள்ளை தவறினால், அவர் ஒருவர்தான் உலகிலேயே தவறியவர் என்பது போல நாம் பார்ப்பது நியாயமாகுமா?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தேர்வு

அருமைச் சகோதரர்களே! 'பட்டம் வாங்கிய பிறகும் எதற்கு ஒரு தேர்வு? இது நம் பிள்ளைகளை அலைக்கழிக்கும் சூழ்ச்சி அல்லவா?' என்று சில பெற்றோர் என்னிடம் மனம் வெதும்பிக் கேட்டதுண்டு. அவர்களுக்கு ஒரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

ஹிஜ்ரி 319, கி.பி. 931 ஆம் ஆண்டு. பக்தாத் நகரில் கலீஃபா முக்ததிர் ஆட்சி செய்துகொண்டிருந்தார். மருத்துவர் ஒருவரின் தவறான சிகிச்சையால் நோயாளி இறந்துவிட்ட செய்தி அவருக்கு எட்டியது. உடனே அவர், தேர்வில் வெற்றி பெற்றாலன்றி எவரும் மருத்துவம் செய்யலாகாது என்று ஆணையிட்டு, தலைசிறந்த மருத்துவரான ஸினான் இப்னு ஸாபித் என்பவரைத் தேர்வாளராக நியமித்தார். அந்த ஒரே நகரில் 860-க்கும் மேற்பட்டோர் அவர் முன் சோதிக்கப்பட்டனர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளார்கள்.

அந்தத் தேர்வு யாருக்காக வந்தது? இறந்துபோன அந்த நோயாளிக்காக வந்தது. மருத்துவ அறிவு இன்றி மருத்துவம் செய்து தீங்கு விளைவித்தவன் அதற்குப் பொறுப்பாளியாவான் என்பது நம் மார்க்கச் சட்டம். ஆகவே, தேர்வு மண்டபத்தில் வினாத்தாளுக்குப் பின்னால் ஒரு நோயாளி அமர்ந்திருக்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். 'என் குழந்தையை உங்களிடம் ஒப்படைக்கலாமா?' என்று அவர் கேட்கிறார். 'இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு வாருங்கள்' என்பதே தவறியவருக்குக் கிடைத்த பதில். அதில் இழிவு ஏதும் இல்லை. அது ஒரு பாக்கி. பாக்கியை அடைப்பதுதான் நம் வேலை. ஒரு வக்துத் தொழுகை தவறியவர் 'இனித் தொழவே மாட்டேன்' என்று ஒதுங்கிவிடுவதில்லை. அதைக் களாச் செய்கிறார். அதுபோலத்தான் இதுவும்.

நம் பகுதியை அடுத்த துறைமுகத்தின் வரலாற்றிலும் தேர்வில் தோற்ற ஒருவர் இருக்கிறார். கணித மேதை இராமானுஜன் கும்பகோணத்திலும், பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேர்வில் தவறியவர். 1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1918 இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். தேர்வில் தவறியவர் அறிவில்லாதவர் அல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் இளைஞர்களே, இவ்வரலாற்றில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இராமானுஜன் அந்தத் தேர்வில் கடைசி வரை தேறவில்லை. கணிதத்திற்கு அது தேவைப்படவும் இல்லை. கணக்குத் தவறினால் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுக்கலாம். மருந்தின் அளவு தவறினால் அவ்வாறு செய்ய இயலாது. ஆகவே உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. நீங்கள் மீண்டும் எழுதித்தான் ஆக வேண்டும்.

தோல்வியைக் கணக்கெடுத்தல்

முடிவு வந்த முதல் சில நாட்கள் மனம் கலங்கும். அது இயற்கை. அந்நாட்களில் எந்தத் தீர்மானமும் எடுக்க வேண்டாம். புத்தகத்தையும் தொட வேண்டாம். உறங்குங்கள், நேரத்திற்கு உண்ணுங்கள், ஜமாஅத் தொழுகைக்கு வாருங்கள். வெட்கத்தினால் பள்ளிவாசலுக்கு வருவதை நிறுத்திவிடுவோரை நான் கண்டிருக்கிறேன். துயரத்தில் இருப்பவருக்குத் தனிமை நல்ல துணையன்று.

பிறகு அமர்ந்து முஹாஸபா செய்யுங்கள். உங்கள் கணக்கை நீங்களே பாருங்கள். அழுகையும் ஆத்திரமும் கணக்காகாது. தாளும் பேனாவும் எடுத்து எழுதுவதே கணக்கு.

இத்தேர்வில் 300 வினாக்கள். வினாவுக்கு ஒரு மதிப்பெண். 150 பெற்றால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் மூன்றுக்கும் தலைக்கு 17, நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல் மூன்றுக்கும் தலைக்கு 13, தடயவியல் மருத்துவத்திற்கு 10, ஆக 100. மீதி 200 மதிப்பெண் மருத்துவமனைப் பாடங்களுக்கு உரியது. அவற்றுள் பொது மருத்துவம் 33, அறுவை மருத்துவம் 32, மகப்பேறு மருத்துவம் 30, சமூக மருத்துவம் 30. இந்நான்கும் சேர்ந்தாலே 125. குழந்தை மருத்துவம், கண், காது–மூக்கு–தொண்டை ஆகிய மூன்றும் தலைக்கு 15 வீதம் 45. ஏழு பாடங்களில் மட்டும் 170 மதிப்பெண் இருக்கிறது.

இப்போது உங்களையே கேளுங்கள்: முதலாண்டுப் பாடமான உடற்கூறியலில் மூன்று மாதங்களைச் செலவிட்டுவிட்டு, மகப்பேறு மருத்துவத்தைக் கடைசி வாரத்தில் புரட்டினேனா? 30 மதிப்பெண் உள்ள சமூக மருத்துவத்தை 'இது எளிது' என்று ஒதுக்கினேனா? நம் நாட்டின் தடுப்பூசி அட்டவணை, காசநோய் ஒழிப்புத் திட்டம், தாய்–சேய் நலத் திட்டங்கள் இவையெல்லாம் அப்பாடத்தில் வருகின்றன. அயல்நாட்டுக் கல்லூரி இவற்றை விரிவாகக் கற்பித்திருக்காது. தடயவியல் மருத்துவமும் அப்படியே. அது நம் நாட்டுச் சட்டத்தோடு பிணைந்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய புத்தகத்தைக் கடன் வாங்கிப் படித்தவர் பழைய பிரிவு எண்ணையே எழுதிவிட்டு வருவார்.

145 பெற்றுத் தவறியவருக்கும் 95 பெற்றுத் தவறியவருக்கும் நோய் வேறு, மருந்தும் வேறு. முன்னவருக்குத் திரும்பிப் பார்த்தலும் வினாப் பயிற்சியும் போதுமானதாகலாம். பின்னவர் அடிப்படையிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். அவருக்கு ஆறு மாதம் போதாது எனில் ஒரு முறையை விட்டுவிட்டு அடுத்த முறை எழுதுவதே அறிவுடைமை. இதை நேர்மையாக ஒப்புக்கொள்ளாமல், கட்டணத்தைக் கட்டிவிட்டு 'அல்லாஹ் பார்த்துக்கொள்வான்' என்பது தவக்குல் ஆகாது.

அதே முறையில் பத்து முறை படிப்பதும் பயன் தராது. மருத்துவ மேதை இப்னு ஸீனா தம் வாழ்க்கைக் குறிப்பில் சொல்வதைக் கேளுங்கள். அரிஸ்டாட்டிலின் தத்துவ நூல் ஒன்றை அவர் 40 முறை படித்தாராம். மனப்பாடமே ஆகிவிட்டது, ஆனால் பொருள் விளங்கவில்லை. ஒருநாள் புத்தகக் கடைத்தெருவில், ஃபாராபி அந்நூலுக்கு எழுதிய சிறு விளக்கத்தை மூன்று திர்ஹத்திற்கு வாங்கிப் படித்தார். திரை விலகியது. மறுநாள் ஏழைகளுக்குத் தர்மம் செய்தார். நாற்பது முறை திறக்காத கதவை ஒரு நல்ல விளக்கம் திறந்தது. ஆகவே, 'எவ்வளவு நேரம் படித்தேன்' என்பதோடு 'எப்படிப் படித்தேன், யாரிடம் கேட்டேன்' என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஹிஃப்ழு மதரஸா தரும் பாடம்

நான் மதரஸாவில் ஓதியவன், மருத்துவம் அறியேன். ஆனால், பெரும் பாடத்தை நெஞ்சில் நிறுத்தும் கலை மதரஸாவுக்குத் தெரியும். ஹிஃப்ழு மாணவர் நாள்தோறும் மூன்று வேலை செய்கிறார். புதுப் பாடமான ஸபக்கை ஒப்புவிக்கிறார். சென்ற சில நாட்களில் ஓதியதை மீண்டும் ஒப்புவிக்கிறார். முன்பே முடித்த ஜுஸ்உக்களைச் சுற்று முறையில் தவ்ர் செய்கிறார். புதுப் பாடத்தின் ஆசையில் தவ்ரை விட்டவர், முப்பதாவது ஜுஸ்உவை எட்டும்போது முதல் ஜுஸ்உவை மறந்திருப்பார்.

பத்தொன்பது பாடம் படிக்கும் மருத்துவப் பட்டதாரிக்கும் இது பொருந்தும். காலையில் புதுப் பாடம். மாலையில் இந்த வாரத்துப் பாடம். இரவில் பழைய பாடத்தில் ஒரு பகுதி. படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பாருங்கள். பக்கத்தைப் பார்க்கும்போது எல்லாம் தெரிந்தது போல் இருக்கும். மூடியபின்தான் எது தங்கியது என்பது தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரமளான் தராவீஹில் எத்தனை தேர்ந்த ஹாஃபிழ் ஓதினாலும், பின்வரிசையில் ஒரு ஹாஃபிழை நிறுத்துகிறோம். விடுபட்டால் எடுத்துக் கொடுப்பது அவர் பணி. அதனால் ஓதுபவரின் மரியாதை குறைவதில்லை. உங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். தேர்ச்சி பெற்ற ஒரு மூத்தவரோ, உடன் எழுதும் நண்பரோ வாரம் ஒருமுறை உங்களிடம் வினாத் தொடுக்கட்டும். பிழையை அன்றே எடுத்துக் கொடுக்கட்டும்.

தேர்வு இரு பகுதிகளாக நடக்கும். பகுதிக்கு 150 வினா, 150 நிமிடம். வினாவுக்கு ஒரு நிமிடம்தான். அதே கால அளவில், அதே வேகத்தில், வீட்டிலேயே முழுத் தேர்வைப் பலமுறை எழுதிப் பழகாதவர், அறிந்த விடையையும் நேரமின்றி விட்டுவருவார்.

உரிமமின்றி ஊசி வேண்டாம்

அடுத்து நான் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். வருமானம் இல்லாத காலத்தில், 'நம் கிளினிக்கில் இரவு நேரம் உட்காருங்கள், யார் கேட்கப் போகிறார்கள்?' என்று அழைப்போர் உண்டு. 'சான்றிதழ் ஏற்பாடு செய்து தருகிறேன்' என்று வருவோரும் உண்டு. 2022 டிசம்பரில், இத்தேர்வில் தேறாமலேயே பதிவு பெற்றதாக 73 பேர் மீது சி.பி.ஐ. வழக்குப் பதிந்து நாடெங்கும் சோதனை நடத்தியதை மறந்துவிடாதீர்கள். பதிவின்றி மருத்துவம் செய்வோருக்கு ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2019 ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் கூறுகிறது.

சட்டத்திற்கு அஞ்சுவது இருக்கட்டும். அமானிதத்திற்கு அஞ்சுங்கள். ஆறாண்டு உழைப்பும் பெற்றோரின் நகையும் வீடும் ஒரே இரவில் பாழாவதோடு, ஓர் உயிரின் பழியும் சேரலாம். வருமானம் தேவையெனில் ஹலாலான வழிகள் இருக்கின்றன. மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கலாம், சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலை கிடைக்கிறது, எம்.சி. ரோட்டில் அத்தாவின் ஜவுளிக் கடையில் மாலை நேரம் நிற்பதிலும் குறைவில்லை. ஆனால் எந்த வேலையாயினும், படிக்கும் நேரத்தை முதலில் குறித்துவிட்டு, மிஞ்சிய நேரத்தை வேலைக்குக் கொடுங்கள்.

பெற்றோர்களுக்கு

அன்புப் பெற்றோர்களே! நீங்கள் செய்த தியாகம் பெரிது. ஆயினும் சாப்பிடும் வேளையில் செலவான தொகையைச் சொல்லிக் காட்டாதீர்கள். செய்த நன்மையைச் சொல்லிக் காட்டுவது அதன் கூலியைக் கெடுத்துவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். 'பெரியம்மா மகன் முதல் முறையே பாஸ் ஆகிவிட்டான்' என்ற ஒப்பீடும் வேண்டாம். 'டாக்டர் மாப்பிள்ளை', 'டாக்டர் பொண்ணு' என்று சொல்லிச் சம்பந்தம் பேசியவர்கள், உண்மையை மறைக்காமல் 'இன்னும் தேர்வு பாக்கி இருக்கிறது' என்று சொல்லிவிடுங்கள். மறைத்த பொய் அந்தப் பிள்ளையின் தலைமீது இரட்டைச் சுமையாக ஏறும். பெண் பிள்ளை எனில், 'போதும், நிக்காஹ் முடித்துவிடலாம்' என்று படிப்பைப் பாதியில் முடக்காதீர்கள். நம் தாய்மார்கள் பெண் மருத்துவர் இல்லையே என்று ஏங்கும் நாட்டில் இருக்கிறோம்.

பிள்ளை பல நாட்களாக உறங்கவில்லை, உண்ணவில்லை, 'நான் இருந்து என்ன பயன்' என்று பேசுகிறது என்றால், அதைக் கோழைத்தனம் என்றோ ஈமான் குறைவு என்றோ கடிந்துகொள்ளாதீர்கள். தனியே விடவும் வேண்டாம். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்வது போல மனத்திற்கும் செல்லுங்கள். நமக்கு அருகிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணிலும், தமிழக அரசின் 104 எண்ணிலும் பேசலாம். துஆவும் செய்யுங்கள், மருந்தும் கொடுங்கள். இரண்டும் நபிவழியே.

எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு இத்தேர்வில் வரம்பு இல்லை. ஆனால் வயதிற்கும் குடும்பத்தின் சக்திக்கும் வரம்பு உண்டு. ஆகவே பிள்ளையோடு அமர்ந்து மஷூரா செய்து, 'இத்தனை முறை முழு முயற்சி. பிறகு மருத்துவமனை நிர்வாகம், பொதுச் சுகாதாரம் போன்ற வேறு துறை' என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். வெளியேறும் வழி தெரிந்திருந்தால், உள்ளே இருப்பவர் பதறாமல் படிப்பார்.

ஜமாஅத்தின் கடமை

இறுதியாக நம் அனைவருக்கும். தொழுகை முடிந்து வெளியே வரும் இளைஞரிடம், செருப்பு மாட்டும் இடத்தில் நின்று, 'என்ன டாக்டரே, ரிசல்ட் என்னாச்சு? எப்ப ஊசி போடப் போறீங்க?' என்று கேட்கிறோம். அன்பினால்தான் கேட்கிறோம். ஆனால் அந்த ஒரு கேள்விக்குப் பயந்து அவர் அடுத்த வக்திற்கு வருவதில்லை. இன்று முதல் அந்தக் கேள்வியை நிறுத்துவோம். ஸலாம் சொல்வோம்; 'நல்லா இருக்கீங்களா தம்பி?' என்று மட்டும் கேட்போம். அவராகச் சொல்லும்போது செவிகொடுப்போம்.

நிர்வாகத்திடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று: மக்தப் பிள்ளைகள் சென்றபின் மதரஸாவின் மாடி அறை காலியாக இருக்கிறது. காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ள அவ்விடத்தை, மருத்துவம் மட்டுமன்றி சி.ஏ., வழக்கறிஞர் தேர்வு, கப்பல் பணிக்கான தகுதித் தேர்வு என எதற்குப் படிப்போருக்கும் இரவில் திறந்து விடலாம். ஒரே அறையில் பெரிய குடும்பம் வாழும் நம் தெருக்களில், அமைதியான ஒரு மேசையே பெரும் உதவி. இரண்டு: நம் மஹல்லாவில் உள்ள மருத்துவர்கள், மாதம் ஒருநாள் இப்பிள்ளைகளோடு அமர்ந்து வினாத் தொடுத்துப் பிழை திருத்த முன்வர வேண்டும். மூன்று: இரண்டாம் முறைக் கட்டணம் கட்ட இயலாதவருக்கு, பெயர் வெளியே தெரியாமல் உதவி செய்யப்பட வேண்டும்.

இளைஞர்களே! நாளை நீங்கள் தேர்ச்சி பெற்று, ஓராண்டுப் பயிற்சியும் முடித்து, பதிவு எண்ணோடு அமரும்போது, முதல் நோயாளியாக நம் தெருவின் ஒரு தாய் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார். நீங்கள் எத்தனையாவது முறையில் தேறினீர்கள் என்று அவர் கேட்கப் போவதில்லை. குழந்தையின் காய்ச்சல் ஏன் இறங்கவில்லை என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்கான விடையை இப்போதே படித்து வையுங்கள்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், உறுதியான உள்ளத்தையும், உழைப்பில் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! அவர்களின் கரங்களால் நோயாளிகளுக்கு ஷிஃபாவை அளிப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.